ஸ்பீக்கரோட கிராஃப் மனப்பாடம்... காதோட கிராஃப் எங்கே மக்களே?

கொஞ்சம் நீளமான திரெட். நேரம் இருக்கும்போது படிங்க. ஆடியோ பிரியர்கள் கண்டிப்பா படிங்க. அதிலும் 45 வயசைத் தாண்டினவங்க முதல்ல படிங்க.

நான் இருக்குற வாட்ஸ்அப் குழுக்களிலேயே எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒரு ஆடியோ குழு. சென்னையிலும் சுத்துவட்டாரத்திலும் இருக்கிற நாற்பது பேர். பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவர், ஸ்கூல் வாத்தியார், ஐ.டி. பசங்க, சவுண்ட் சர்வீஸ் வெச்சிருக்கிறவர், நடுவுல நான் ஒரு டாக்டர்.

பேர்தான் ஆடியோ குழு. காலையில ஒருத்தர் கார்ட்ரிட்ஜ் அலைன்மென்ட்ல சந்தேகம் கேட்பார். பதினோரு மணிக்கு அது "என் பூனை டியூப் ஆம்ப் மேல ஏறிப் படுத்துக்குது, என்ன பண்றது?" என்று மாறிடும். ராத்திரி பத்து மணிக்கு எட்டிப் பார்த்தா தஸ்தயேவ்ஸ்கியை எந்த மொழிபெயர்ப்புல படிக்கலாம்னு சண்டை. ஒரு கேபிளோட உண்மையான விலை வீட்டுக்குத் தெரியக்கூடாது என்பது மட்டும் குழுவின் எழுதப்படாத சட்டம்.

மாசத்துல ஒரு ஞாயிறு யாராவது ஒருத்தர் வீட்டில் கூடுவோம். பாட்டு கேட்கிறது ஒரு மணி நேரம். மிச்சம் மூணு மணி நேரம் பேச்சு.

இந்தக் குழுவில் ஒரு அண்ணன் இருக்கார். அறுபதைத் தொடப் போறார். அவர் அனுமதியோடுதான் எழுதுறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாத்தியிருக்கேன். குழுவிலேயே நல்லா எழுதக்கூடியவர் அவர்தான். ரிட்சி ஸ்ட்ரீட்டில் பழைய ஆம்ப் வாங்கின கதையை எழுதினாலும் சரி, அவர் வளர்க்கிற நாட்டு நாயைப் பத்தி எழுதினாலும் சரி, நாற்பது பேரும் வேலையை விட்டுட்டுப் படிப்போம்.

ஒரு கட்டத்துல அவர் ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு வர்றதை நிறுத்திட்டார். முதல்ல "உடம்பு சரியில்ல". அப்புறம் "விருந்தாளி வந்திருக்காங்க". அப்புறம் காரணமே சொல்றதில்ல. ஆனா குழுவில் முன்னைவிட அதிகமா எழுதுறார். அதனால யாருக்கும் சந்தேகம் வரல.

அதே சமயத்துல அவர் செட்டுல ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டே இருந்தார். "ட்ரெபிள் செத்துப்போச்சு, ட்வீட்டர் போயிடுச்சு போல" என்று ட்வீட்டரை மாத்தினார். அப்புறம் கேபிள். அப்புறம் டி.ஏ.சி. கடைசியில ஸ்பீக்கரையே வித்துட்டு வேற வாங்கினார். ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் நல்லா இருக்கும்பார். மறுபடி "என்னமோ மூடின மாதிரி இருக்கு". நாங்க நாற்பது பேரும் சேர்ந்து ரூம் அக்கூஸ்டிக்ஸ், கர்ட்டன், கார்ப்பெட் என்று யோசனை சொல்லிக்கிட்டிருந்தோம். நானும்தான்.

எம்.டி. படிச்ச டாக்டர் நான். 58 வயசு ஆள் "ட்ரெபிள் குறையுது" என்கிறார், கூட்டத்தைத் தவிர்க்கிறார், வாய்ஸ் நோட் அனுப்பினா "டைப் பண்ணுங்க டாக்டர், வெளியில இருக்கேன்" என்கிறார். என் கிளினிக்ல ஒரு நோயாளி வந்து இந்த மூணையும் சொல்லியிருந்தா அரை நிமிஷத்துல காது மூக்கு தொண்டை டாக்டருக்குச் சீட்டு எழுதியிருப்பேன். நண்பர் என்பதால ஒரு வருஷம் அவருக்குக் கர்ட்டன் யோசனை சொல்லிக்கிட்டிருந்தேன்!

போன வருஷம் ஒரு நாள் அந்தப் பக்கமா போனவன் அவர் வீட்டுக்குள்ள நுழைஞ்சேன். புது ஸ்பீக்கர்ல பாட்டு ஓடுது. ட்ரெபிள் முழுசா ஏத்தி வெச்சிருக்கார், எனக்குக் காது கூசுது. மூலையில் யூ.பி.எஸ். பேட்டரி தீர்ந்து "பீப்... பீப்..." என்று கத்திக்கிட்டிருக்கு. ஒவ்வொரு பீப்புக்கும் நாய் தலையைச் சாய்ச்சு யூ.பி.எஸ்ஸைப் பார்க்குது, அப்புறம் அண்ணனைப் பார்க்குது. அண்ணன் நிம்மதியா உட்கார்ந்து என்கிட்ட இமேஜிங் பத்திப் பேசிக்கிட்டிருக்கார்.

பாட்டை நிறுத்திட்டு, "அண்ணே, அது எவ்வளவு நேரமா கத்துது?" என்று கேட்டேன். "எது?" என்றார்.

அங்கதான் எனக்கு உறைச்சது.

உள்ளே என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பார்த்துடலாம். நம்ம உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு குழாய் இருக்கு, காக்ளியா. நீட்டினா மூணரை சென்டிமீட்டர் வரும். அதுக்குள்ள ஒரு காதுக்கு ஏறக்குறைய 15 ஆயிரம் ஹேர் செல்கள். வாசல் பக்கம் இருக்கிற செல்கள் உச்ச ஸ்தாயியைப் பிடிக்கும், உள்கோடியில் இருக்கிறவை தாழ்ந்த சத்தத்தைப் பிடிக்கும். இந்த ஏற்பாட்டை ஆராய்ஞ்சதுக்குத்தான் பெக்கேஷிக்கு 1961-ல் நோபல் பரிசு கொடுத்தாங்க. வயசானாலும் சரி, இரைச்சலில் இருந்தாலும் சரி, முதல்ல அடி வாங்குறது வாசல் பக்கத்துச் செல்கள். அதனால முதல்ல போறது ட்ரெபிள். இரைச்சலால் வந்த பாதிப்புன்னா பரிசோதனைப் படத்தில் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு பள்ளம் தெரியும்.

4,000 ஹெர்ட்ஸ்னா என்ன? பியானோவில் வலது கடைசிக் கட்டை 4,186 ஹெர்ட்ஸ். "அவ்வளவு மேலே யார் வாசிக்கப் போறாங்க, போனா போகட்டும்"னு தோணும். பாட்டுக்கு ஓரளவு அது சரிகூட. பேச்சுக்குச் சரியில்ல.

பேச்சில் உயிரெழுத்துதான் சத்தம் கொடுக்குது. அது தாழ்ந்த பகுதியில் இருக்கு. அர்த்தம் கொடுக்கிறது மெய்யெழுத்து. பாட்டா பாக்கா, காத்தா காப்பா என்று பிரிச்சுக் காட்டுற நுணுக்கங்கள் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலதான். ஸ, ஷ, ஃப எல்லாம் இன்னும் மேல. ட்ரெபிள் போனவருக்கு நாம பேசுறது கேட்கும், ஆனா என்ன பேசுறோம்னு புரியாது. ஃபேன் சுத்துற ஹாலில் ஆறு பேர் ஒரே நேரத்துல பேசிச் சிரிச்சா சுத்தமா புரியாது. அவரும் கூடச் சிரிப்பார், எதுக்குன்னு தெரியாம. ரெண்டு மூணு தடவை சம்பந்தமில்லாத பதில் சொல்லி எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தா அடுத்த தடவை வரமாட்டார்.

என் கருத்து இதுதான். நம்ம ஆடியோ கூட்டம் காதை "மியூசிக் கேட்கிற கருவி" என்று மட்டுமே நினைக்குது. அதனாலதான் காதைப் பத்தின நம்ம பேச்சு எல்லாமே 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் கேட்குமா, 16 ஆயிரம் கேட்குமா என்கிற ஜம்பப் பேச்சா போகுது. காது போகும்போது முதல் நஷ்டம் வயலினோட மேல் சுரம் இல்லீங்க. அந்த மூணு மணி நேரப் பேச்சு. பூனை, நாய், புத்தகம், ரிட்சி ஸ்ட்ரீட் கதை. அதுக்காகத்தானே அந்த ஒரு மணி நேரப் பாட்டையே போடுறோம்?

ஒரு ஸ்பீக்கர் வாங்குறதுக்கு முன்னாடி அதோட ஃப்ரீக்வென்ஸி ரெஸ்பான்ஸ் கிராஃபை ரெண்டு வாரம் அலசுறோம். 3 டெசிபல் இறங்கியிருந்தா சண்டை போடுறோம். சிக்னல் செயினில் கடைசிக் கண்ணி நம்ம காது. அங்க 40 டெசிபல் இறங்கியிருந்தா யாருக்கும் தெரியாது. அந்த கிராஃப் நாற்பது பேரில் ஒருத்தர்கிட்டகூட இல்ல. ஒரு லட்ச ரூபாய் ஆம்ப் இருக்கு, சில நூறு ரூபாய் ஆடியோகிராம் இல்ல.

அண்ணனுக்கு எப்படிப் போச்சு? வயசு ஒரு பங்கு. சின்ன வயசுல கோயம்புத்தூர் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் பத்து வருஷம் மெயின்டெனன்ஸ் வேலை. காதில் பஞ்சுகூட வெச்சதில்லையாம், பஞ்சாலைக்குள்ளேயே இருந்துக்கிட்டு! அப்புறம் முப்பது வருஷம் சத்தமா பாட்டு.

கணக்கு ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. 85 டெசிபல் சத்தம்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு ஒரு மணி, 100-க்கு வெறும் 15 நிமிஷம். ஹெட்போன்ல பாட்டு கேட்கிறவங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் இன்னும் கறாரா வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம்னு வெச்சிருக்கு. கல்யாண மண்டபத்துல ஸ்பீக்கர் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடுறோமே, அதையும் இந்தக் கணக்குல சேர்த்துக்குங்க.

போன செல் திரும்பி வராது. பாலூட்டிகள் எல்லாருக்கும் இதே கதிதான். பறவைகளுக்கு வரும். கோழியிலும் காடையிலும் சேதமான ஹேர் செல்கள் மறுபடி முளைக்குதுன்னு 1988-லேயே கண்டுபிடிச்சுட்டாங்க. காடை ரோஸ்டைப் பொறாமையோட பார்க்கிற ஒரே ஆள் காது டாக்டராத்தான் இருப்பார். மனுஷக் காதில் அதைச் செய்யவைக்க ஆராய்ச்சி நடக்குது, இன்னும் மருந்தா கைக்கு வரல.

வளர்ப்புப் பிராணிகள் பேச்சு வந்ததால ஒண்ணு சொல்லிடுறேன். நாய்க்கு ஏறக்குறைய 45 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும் கேட்கும், பூனைக்கு 60 ஆயிரத்துக்கும் மேல. சி.டி.யில் இருக்கிறது 22 ஆயிரம் வரைக்கும்தான், அதனால 48 ஆயிரம் வரைக்கும் போற ஹை-ரெஸ் ஃபைல் வேணும்னு பணம் கட்டுறவங்களே, அந்தக் கூடுதல் பகுதி உங்க வீட்ல யாருக்காவது கேட்குதுன்னா அது ஆம்ப் மேல படுத்திருக்கிற அந்தப் பூனைக்குத்தான். (அதுவும் வெள்ளைப் பூனை, நீலக் கண்ணுன்னா சந்தேகம். அந்த வகையில் பிறவியிலேயே செவிடு அதிகம். டார்வின் 1859-லேயே 'உயிரினங்களின் தோற்றம்' முதல் அத்தியாயத்துல நீலக்கண் பூனைக்குக் காது கேட்காதுன்னு எழுதினார், பின்னால வந்த பதிப்புகள்ல "முழுக்க வெள்ளையா இருந்தால்" என்று திருத்திக்கிட்டார்.)

யூ.பி.எஸ்ஸைப் பார்த்துத் தலையைச் சாய்ச்ச நாய், எனக்கு நாய் படம் போட்ட பழைய ரெக்கார்டை ஞாபகப்படுத்துச்சு. கிராமஃபோன் குழாய்க்கு முன்னாடி உட்கார்ந்து கேட்குமே, அந்த நிப்பர். 1895-ல் செத்துப்போன நாயை அதுக்கு அப்புறம்தான் பிரான்சிஸ் பரோ படமா வரைஞ்சார். காது கொடுத்துக் கேட்கிறதுன்னா என்னன்னு அந்த நாய் முகத்துல இருக்கு. உங்க வீட்டு நாய் எதையோ கேட்டுத் திரும்புது, உங்களுக்கு ஒண்ணும் கேட்கலன்னா எப்பவுமே "அதுக்குப் பாம்புக் காது" என்று விட்டுடாதீங்க. பக்கத்துல இருக்கிற பேரப் பிள்ளையைக் கேளுங்க, உனக்குக் கேட்குதான்னு.

சரி, அண்ணன் விஷயத்துக்கு வர்றேன். காதைச் சோதிக்கலாம்னு சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துடுச்சு. "எனக்கா? நாற்பது வருஷமா கேட்டுப் பழகின காது டாக்டர்!" என்றார். கண்ணாடி போட வெட்கப்படாதவங்க காது மிஷினுக்கு வெட்கப்படுறாங்க. அதிலும் ஊர்ல "நல்ல காது உள்ளவர்"னு பேர் வாங்கினவருக்கு அது மானப் பிரச்சினை.

அன்னிக்கு ராத்திரி அவருக்கு பீத்தோவன் பத்தி எழுதினேன். புத்தகம் படிக்கிறவர் என்பதால. 1802-ல், முப்பத்தி ரெண்டு வயசுகூட ஆகாதபோது, பீத்தோவன் ஹைலிகென்ஸ்டாட் என்ற ஊர்ல உட்கார்ந்து தம்பிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். அனுப்பவே இல்ல, அவர் இறந்த பிறகு கிடைச்சது. அதில் அவர் புலம்புறது இசை போச்சேன்னு மட்டும் இல்ல. மனுஷங்களோட கூடிப் பேச முடியல, "சத்தமா பேசுங்க, எனக்குக் காது கேட்கல" என்று சொல்ல வாய் வரல, அதனால ஒதுங்கிட்டேன், உலகம் என்னைத் திமிர் பிடிச்சவன்னு நினைக்குது என்பதுதான். அப்புறம் மெட்ரோனோம் புகழ் மெல்ட்ஸெல்கிட்ட காதுக் குழாய்கள் செஞ்சு வாங்கினார். 1818-ல் இருந்து நோட்டுப் புத்தகம் வெச்சுக்கிட்டார். வந்தவங்க அதில் எழுதிக் காட்டுவாங்க, அவர் பெரும்பாலும் வாயால பதில் சொல்வார். அந்த நோட்டுகள் நூத்துக்கும் மேல இன்னைக்கும் இருக்கு. உள்ளே சிம்பொனி ரகசியமா இருக்குன்னு திறந்தா, கடைச் சாமான் கணக்கு, பேப்பர்ல விளம்பரம் வந்த புத்தகங்களோட பேர், சாப்பாடு, வீட்டு வேலைக்காரங்க பிரச்சினை. அப்படியே நம்ம குழு!

இங்க ஒரு நியாயமான கேள்வி வரும். பீத்தோவனுக்கு நோட்டு, அண்ணனுக்கு வாட்ஸ்அப். எழுத்துல எல்லாருக்கும் காது கேட்குதே, அவர் பாட்டுக்கு அதிலேயே சந்தோஷமா இருக்கட்டுமே, எதுக்கு வம்பு? இதை நான் லேசா ஒதுக்க மாட்டேன். காது கேட்காதவங்களுக்கு எழுத்துப் பேச்சு பெரிய வரம். குழு இல்லாம இருந்திருந்தா அவர் எப்பவோ தனியாளா ஆகியிருப்பார். ஆனா அவர் எழுத்தை விரும்பித் தேர்ந்தெடுக்கல, அதுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டார். தனக்கே தெரியாம. வீட்ல அண்ணிகிட்ட எழுதிக்கிட்டா பேச முடியும்? அண்ணி அப்புறம் என்கிட்ட சொன்னாங்க: "ரெண்டு வருஷமா நான் பேசினா 'உம்'னு மட்டும் சொல்றார். என்மேல வெறுத்துப்போச்சுன்னு நினைச்சேன் தம்பி."

பயமுறுத்தல் இல்லாம ஒரு விஷயம். காது கேளாமைக்கும் மறதி நோய்க்கும் தொடர்பு இருக்குன்னு லான்செட் குழு 2017-ல் இருந்து சொல்லுது. அதை வெச்சு "மிஷின் போடலன்னா மூளை போயிடும்" என்று சில விளம்பரங்கள் மிரட்டுது. அப்படிச் சொல்ல முடியாது. 2023-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில், 70 வயசு தாண்டின 977 பேரில், மொத்தமா பார்த்தா மிஷின் போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் மூணு வருஷத்துல மூளைத் திறனில் வித்தியாசம் இல்ல. ஏற்கெனவே ஆபத்து அதிகமா இருந்த பிரிவில் மட்டும் சரிவு 48 சதவீதம் குறைவா இருந்துச்சு. நம்பிக்கை இருக்கு, முடிவு இன்னும் வரல. ஆனா அண்ணிகிட்ட பேசுறதுக்கு ஆய்வு முடிவு தேவையில்லயே.

ஆக, என்ன பண்ணணும்? காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க. சில பேருக்கு வெறும் குறும்பி அடைப்பா இருக்கும், எடுத்தா முடிஞ்சது. அப்புறம் ஆடியோமெட்ரி. ஒரு சத்தமில்லாத அறையில ஹெட்போன் மாட்டி, 250-ல் இருந்து 8,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் மெல்லிய ஒலி போடுவாங்க, கேட்டா பட்டனை அழுத்தணும். அரை மணி நேரம்கூட ஆகாது, ஊசி கிடையாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்லயும் எடுக்கலாம். தகுதி உள்ளவங்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலமா கருவி இலவசமாவே கிடைக்கும்.

ஒரே ஒரு அவசரம்: ஒரு காது திடீர்னு, ஒரே நாள்ல அல்லது ரெண்டு மூணு நாள்ல அடைச்ச மாதிரி ஆச்சுன்னா சளின்னு நினைச்சு ஆவி பிடிச்சுக்கிட்டு உட்காராதீங்க. அன்னிக்கே டாக்டரைப் பாருங்க. ஸ்டீராய்டு சீக்கிரம் ஆரம்பிச்சாத்தான் கேள்வித்திறன் திரும்ப வாய்ப்பு. நாள் தள்ளத் தள்ள அது குறையும்.

கருவி போடப் போற ஆடியோ பிரியர்களுக்கு: ஆடியாலஜிஸ்ட்கிட்ட "நான் நிறைய மியூசிக் கேட்பேன்" என்று முதல்லயே சொல்லிடுங்க. கருவிகள் பேச்சுக்காக அமைக்கப்பட்டவை. விசில் சத்தத்தை அடக்குற வேலையில புல்லாங்குழலையும் விசில்னு நினைச்சுக் குழப்பும். மியூசிக்குக்குத் தனி ப்ரோக்ராம் போட்டுத் தரச் சொல்லுங்க. அது தெரியாமத்தான் நிறைய பேர் ஒரு வாரத்துல கழட்டி பீரோவில் வெச்சிடுறாங்க.

அண்ணன் ரெண்டு மாசம் இழுத்தடிச்சுட்டு, அண்ணி கூட்டிட்டுப் போய்த்தான் டெஸ்ட் எடுத்தார். ரெண்டு காதிலும் 3,000-க்கு மேல சரிவு, 4,000-ல 55 டெசிபல். கருவி போட்ட பத்தாவது நாள் குழுவில் ஒரு ரிவ்யூ எழுதினார், வழக்கமா ஆம்ப்புக்கு எழுதுற அதே பாணியில். ட்ரெபிள் கொஞ்சம் ஷார்ப். பேஸ் சுமார். மனுஷக் குரலில் மிட்ரேஞ்ச் அருமை. பில்ட் குவாலிட்டி பரவாயில்ல, நாய் கடிக்கப் பார்த்தது. பர்ன்-இன் ஆகச் சில வாரம் ஆகும்னு ஆடியாலஜிஸ்ட் சொல்றாங்க. கேபிளுக்கு பர்ன்-இன் உண்டுன்னு யாராவது சொன்னா சண்டைக்குப் போறவன் நான். இதுக்கு வாயைத் திறக்கல. மூளை பழகுறதுக்கு நிஜமாவே நாளாகும்.

போன மாசம் ஞாயிறு கூட்டத்துக்கு வந்தார். ஃபேனை நிறுத்திட்டு, ஒருத்தர் பேசி முடிச்சப்புறம் அடுத்தவர் பேசினோம். வேர்த்துக் கொட்டுச்சு.

இப்போ குழுவில் ஆறு பேர் ஆடியோகிராம் போட்டிருக்காங்க. என்னோடதும் இருக்கு: வலது காதில் 4,000 ஹெர்ட்ஸ்ல ஒரு சின்னப் பள்ளம். யாரோட காதுக்கு எந்த ஸ்பீக்கர் பொருந்தும்னு நேத்து ராத்திரி புதுச் சண்டை ஆரம்பிச்சுச்சு. சண்டை சூடு பிடிக்கிற நேரத்துல ஒருத்தர் பூனை போட்டோ போட்டுட்டார். ஆம்ப் மேலதான் படுத்திருக்கு.